உதைத்துவிட்டுத் தொட்டுக் கும்பிடுவது

முதன்முதலாக ஒருத்தியின் வயிற்றில் உதைத்தபோது, உடனே குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அந்த நேரம் பார்த்து அவள் என் மூக்கில் குத்தினாள். அவளில் குற்றம் இல்லை, சண்டை நடந்துகொண்டிருந்தது. எதிரே நிற்பவள் கையைக் கீழே விட்டால் முகத்தில் குத்து என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால் பட்டால் தொட்டுக் கும்பிடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூக்கிலிருந்து கொட்டிய இரத்தத்தில் புதுப் பனியன் நனைந்தது. பல்லுக்குப் போட்டிருந்த உறைக்குள்ளும் இரத்தம் இறங்கி வாய் கரித்தது.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. உடம்பில் சீனி வருத்தம், இடுப்பில் பிடிப்பு, இடது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழாது. முதியோர் இல்லத்தில் இத்தனை காலமாக மனிதர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி, திருப்பி, துடைத்து, இருத்தி, அந்தத் தோள் தேய்ந்துபோனது. சத்திர சிகிச்சை செய்த பிறகு வலி குறைந்தது, கையும் குறைந்தது. இந்தக் கோலத்தில்தான் டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டே ஊரில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்துக்கு கிக் பொக்சிங் பழகப் போனேன். என் வயதுக்காரிகள் யோகாவுக்குப் போனார்கள்.

"உனக்கென்ன விசரே?" என்று கணவர் கேட்டார்.

"ஓம், விசர்தான்" என்றேன். எனக்கு ஒருவனை அடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவன் எங்கள் மருமகன்.

நாங்கள்தான் பார்த்துக் கட்டி வைத்தோம். ஓல்போர்க் நகரத்தில் நல்ல வேலை, நல்ல குடும்பம், கோயில் திருவிழாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சோறு போடுகிற பிள்ளை. வாய் நிறைய மாமி, மாமி என்பான். என் மகளுக்கும் அங்கே வைத்தியசாலையில் வேலை இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம் முடிய முன்பே அவள் தொலைபேசியில் கதைப்பது குறைந்தது. ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ரயிலில் வந்து இறங்கினாள். குளிக்கப் போனவள் முதுகைத் துடைக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். முதுகில் பெல்ற் பட்ட தழும்புகள். அதன் இரும்புக் கொளுக்கி எங்கெங்கே விழுந்தது என்று எண்ணிச் சொல்லலாம். பழைய தழும்பின் மேல் புதியது. நான் துவாயை அவள் முதுகில் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் அவன் வந்தான். மணி அடித்தது, கதவைத் திறந்தேன், "வாங்கோ தம்பி" என்றேன். அந்த முதுகைக் கண்ட பிறகும் என் வாய் அதைச் சொன்னது. மருமகன் வாசலில் நின்றதும் விலகி வழி விட்டேன், மேசையடியில் இருத்தினேன், தேநீர் ஊற்றினேன், பற்றீஸ் சூடாக்கினேன், கோப்பைக்குக் கீழே சின்னத் தட்டும் வைத்துக் கொடுத்தேன். அவன் ஆறுதலாகக் குடித்தான்.

"நல்ல தேத்தண்ணி, மாமி" என்றான்.

பிறகு எழும்பி மகள் இருந்த அறைக்குள் போனான். அவள் தலைமயிரைக் கையில் சுற்றி நடை வழியாக இழுத்துக்கொண்டு வந்தான். அவள் கத்தவில்லை. கத்தினால் அடி கூடும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. நான் குறுக்கே நின்று இடது கையை நீட்டினேன், அது பாதியில் நின்றுவிட்டது. அவன் அதைத் தட்டிவிட்டு என் நெஞ்சில் தள்ளினான். சப்பாத்து வைக்கிற தட்டின் மேல் போய் விழுந்தேன். என் கணவர் "தம்பி, தம்பி, பொறுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டு படிவரைக்கும் பின்னால் போனார். கீழே கார்க் கதவு அடிபடும் சத்தம் கேட்டது. எழும்பி வந்து மேசையைப் பார்த்தேன். தேநீரை முழுக்கக் குடித்திருந்தான்.

சில கிழமை கழித்து மகள் திரும்பி வந்தாள், தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல். இந்த முறை பொலிசுக்குப் போனோம். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று தடை போட்டார்கள். கணவர், "பெரிய ஆக்களை வைச்சுக் கதைப்பம்" என்றார். ஆனால் அவன் தடையைப் பார்த்து நிற்கிறவனும் இல்லை, பெரிய ஆட்களைப் பார்த்து வெட்கப்படுகிறவனும் இல்லை. வருவான் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. பொலிஸ் வந்து சேர நேரம் எடுக்கும். கணவர் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் மாறி மாறி முறை வேலை செய்கிறவர். ஆகவே வாசலில் நிற்கப்போவது நான். என்னிடம் பாதியில் நின்றுவிடுகிற ஒரு கையும், வாங்கோ தம்பி என்கிற ஒரு வாயும் இருந்தன. இன்னொரு முறை கொண்டுபோனானென்றால் அவளை உயிரோடு பார்க்க மாட்டேன். அதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, அந்தத் தாடை சொன்னது.

அந்த நாட்களில் ஒரு காலை, தேநீருக்குச் சீனிப் பேணியை எடுக்க மேல் தட்டை நோக்கி வலது கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள். பெற்ற தாயின் கைக்கே குனிந்தாள். அன்று பின்னேரமே விளையாட்டு மண்டபத்துக்குப் போனேன்.

அங்கே பழக்குகிறவள் ஒரு தச்சுத் தொழிலாளி, என்னை விட மிகவும் இளையவள், மூக்கு ஒரு பக்கமாக வளைந்தவள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கச் சொன்னாள். வலது கை போனது. இடது கை நெஞ்சில் நின்றது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்படியென்றால் ஆள் உன்னிடம் வர முன்பே காலால் தள்ளி விழுத்து. கிட்ட வர விட்டால் உன் கதை முடிந்தது."

அப்படித்தான் கால் என் ஆயுதமானது. முழங்காலை நெஞ்சுவரை உயர்த்தி, பாதத்தை நேராக எதிராளியின் வயிற்றில் இறக்க வேண்டும். உதைக்க முன் இடுப்பு கத்தும், உதைத்த பிறகு முழங்கால் கத்தும். தொங்கவிட்ட மணல் மூட்டையை நான் உதைத்தபோது அது அசையவே இல்லை, நான்தான் பின்னால் போய் விழுந்தேன். அவளுக்குப் பிடித்த டேனிஷ் சொல் 'இகென்', மறுபடியும் என்று அர்த்தம். விழுந்து கிடக்கும்போது அது தலைக்கு மேலே கேட்கும். இகென். எழும்பி உதைப்பேன். மூட்டையில் அவனுடைய முகத்தை வைத்தேன், தேநீர் குடிக்கிற வாயை வைத்தேன். கோடை வந்தபோது மூட்டை ஆடத் தொடங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் பாதம் ஒன்றில் புதையும்போது வருகிற அந்தத் தடித்த சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூட்டையைத் தொட்டுக் கும்பிட வேண்டியதில்லை. ஆட்களோடு சண்டை தொடங்கியபோதுதான் வில்லங்கம். எனக்குச் சோடியாக வந்தவள் பன்றிப் பண்ணை வைத்திருப்பவள். பன்றியைப் பிடித்து மடக்குகிற கை, குத்தினால் காது அடைக்கும். நான் உதைத்ததும் என் வலது கை, தடித்த கையுறையோடு, அவளை நோக்கி இறங்கும், பிறகு என் கண்ணை நோக்கி எழும்பும். அந்த இடைவெளியில் அவள் முகத்தில் இறக்குவாள். முதல் நாள் மூக்கு. அடுத்த கிழமை உதடு கிழிந்தது. அதற்கடுத்த முறை இடது கண் மூடியது. மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த கை அது.

வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். வீட்டில் எல்லாம் நல்லபடி இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். சண்டை பழகுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாமல் சொல்லலாம் என்றாள். கணவருக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் அடிச்சதெண்டு என்னைக் கொண்டுபோய் உள்ளுக்கை போடப்போறாங்கள்."

"போடட்டும். பிழையான ஆளையெண்டாலும் ஒருக்காப் போடட்டும்" என்றேன். அவர் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கண்ணில் வைத்துப் பிடித்தார்.

வீட்டில் மகளையும் பிடித்து நிறுத்தினேன். சோபாவின் தலையணையை வயிற்றுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி உதைத்தேன். முதலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் பிடித்தாள். நான் உதைத்து, ஓடிப்போய் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். சிரித்தாள். இன்னும் முழுதாக ஆறாத தாடை நோக நோகச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கண்டேன். எப்போதும் டேனிஷில் பதில் சொல்லுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் கும்பிட்டுக்கொண்டு நிண்டா, அதுக்கிடையிலை அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவார்."

அவன் பெல்ற்றால் அடித்த பிறகும் அவள் அவர் என்றுதான் சொன்னாள். எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பழக்குகிறவளுக்கு ஒரு நாள் விளங்கப்படுத்தினேன். கால் ஒருவர் மேல் பட்டால் எங்களுக்கு அது மரியாதைக் குறைவு, உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கேள். ஆனால் சண்டை முடிந்த பிறகு மொத்தமாகக் கேள். நடுவில் கேட்காதே."

அந்த யோசனை கைக்குப் பிடித்துக்கொண்டது. உதைத்த உதைக்கெல்லாம் கணக்கு இருக்கிறது, தீர்க்கிற நேரம் வரும் என்று தெரிந்தால் அது பொறுத்திருந்தது. சண்டை முடிந்ததும் பன்றிப் பண்ணைக்காரியிடம் போய்க் குனிந்து, அவளைத் தொட்டு, கையுறையைக் கண்ணில் ஒற்றுவேன். அவளும் வேர்த்து வழிய நின்று தலையை ஆட்டுவாள். மூக்கு தப்பியது.

ஆனால் கை அடங்கியபோது கால் அடங்கவில்லை. ஒரு மாலை, சண்டைக்கு நடுவில் அவள் என்னைத் தட்ட வலது கையை ஓங்கினாள். எங்கள் வீட்டு நடையில் என்னைத் தள்ளின கையாக அது எனக்குத் தெரிந்தது. வயிற்றில் உதைத்தேன். அவள் மடிந்தாள். நிறுத்து என்று சத்தம் கேட்டது. கேட்டது, கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விலாவில் மறுபடி உதைத்தேன். அவள் முழங்காலில் விழுந்தாள், நான் குனிந்து பிடரியில் குத்தினேன், இன்னும் ஒன்று குத்தினேன். பழக்குகிறவள் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோடு அமத்தினாள். பன்றிப் பண்ணைக்காரி தரையில் கிடந்து மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"யாரை அடித்தாய்? அவளை இல்லை" என்றாள் பழக்குகிறவள். "நிறுத்தத் தெரியாத ஆளுக்கு இங்கே இடமில்லை. வீட்டுக்குப் போ. நான் கூப்பிடும்வரை வராதே."

காருக்குள் போய் இருந்தேன். காரைக் கிளப்பவில்லை. எனக்குப் பயம் வந்தது அடித்ததற்காக இல்லை, அந்தக் கடைசிக் குத்துகள் இரண்டும் மற்ற எல்லாவற்றையும் விட இனித்ததற்காக. விழுந்து கிடக்கிற ஆளை அடிப்பதில் இப்படி ஒரு இனிப்பு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அவனுக்கும் இப்படித்தான் இனிக்குமோ என்று நினைத்தேன். நினைத்ததும் கார்க் கதவைத் திறந்து வெளியே குனிந்து சத்தி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நான் குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன், அன்று கையுறை இல்லாமல். அவள் வாசலிலேயே நின்று ஒரு ரோல்ஸைத் தின்றாள், பிறகு இன்னொன்றைத் தின்றாள்.

"உன் கால் நல்ல கால். தலைதான் மோசம்" என்றாள்.

பழக்குகிறவள் திரும்பக் கூப்பிட்டபோது பனி பெய்யத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு எனக்கு வேறு ஒன்றும் பழக்கவில்லை. உதை, நில். உதை, நில். ஒரு உதைக்குப் பிறகு அப்படியே நின்று, மூச்சை விட்டு, பார்க்க வேண்டும். உதைப்பதை விட நிற்பது எனக்குக் கடினமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் வந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். கணவர் வேலையில். மகள் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தாள், கொஞ்ச நாட்களாகத்தான் தனியாகப் போகத் துணிந்திருந்தாள். நான் அடுப்படியில் நின்றபோது படிக்கட்டில் ஓடிவரும் காலடி கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு காலடி, பாரமாக. கதவைத் திறந்தேன். மகள் ஓடிவந்து என் பக்கத்தால் உள்ளே நுழைந்தாள், பாதிதான் நுழைந்தாள். பின்னாலிருந்து அவன் அவளுடைய குளிர் ஜக்கெட்டின் தொப்பியைப் பிடித்துவிட்டான். துணி அவள் கழுத்தை இறுக்கியது. பால் பெட்டி விழுந்து வெடித்து நடை முழுக்க ஓடியது.

"மாமி, விலகுங்கோ. இது எங்கட விசயம்" என்றான்.

அந்த மாமி என்ற சொல்லுக்கு என் வாய் இன்னும் அசைந்தது. வாங்கோ தம்பி என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். மகளுக்கும் அவனுக்கும் நடுவில் தோளை நுழைத்தேன். அவன் மற்றக் கையால் என் கன்னத்தில் அறைந்தான். முழுப் பலத்தோடு விட்ட அறை, காது இரைந்தது. ஆனால் பன்றிப் பண்ணைக்காரியிடம் வாங்கியதற்கு முன்னால் அது ஒரு தூசு. நான் விழவில்லை. நான் விழாததைக் கண்டு அவன் முகம் மாறியது. அந்த ஒரு நொடி அவனுடைய பிடி தளர்ந்தது. மகள் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

அவன் எனக்கு முன்னால், வாசற்படியில் நின்றான். இகென் என்று உள்ளே ஏதோ சொன்னது. முழங்கால் நெஞ்சுவரை எழும்பியது, பாதம் நேராகப் போய் அவன் தொப்புளுக்கு மேலே இறங்கியது. அந்தத் தடித்த சத்தம் வந்தது. என் இடுப்பிலும் ஏதோ அறுந்ததுபோல ஒரு வலி வெட்டியது. அவன் பின்னால் போய் எதிர்ச் சுவரில் முதுகு அடிபட்டு, அப்படியே வழுகித் தரையில் இருந்தான். மூச்சு வரவில்லை. வாயிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடிந்து சட்டையில் ஊறியது. மருமகனை மாமி காலால் உதைத்திருக்கிறாள், பிராண்டேயில், பட்டப்பகலில். அவனுடைய முகம் சரியாக என் முழங்கால் உயரத்தில் இருந்தது. இன்னும் ஒன்று போட்டால் மூக்கு உடையும், அதற்கடுத்ததில் பல்லு. என் கால் அதைக் கேட்டது. அந்த இனிப்பு நாக்குவரை வந்துவிட்டது.

நின்றேன். மூச்சை விட்டேன். பார்த்தேன்.

நின்றதும் கை அதைச் சண்டை முடிந்ததாக எடுத்துக்கொண்டது. கணக்குத் தீர்க்கிற நேரம் என்று எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்காமல், அவனைத் தொட்டுக் கும்பிட வலது கை குனிந்து இறங்கியது. கை வருவதைக் கண்டதும் அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தான். சீனிப் பேணிக்கு நான் கை தூக்கிய காலையில் என் மகள் எப்படிக் குனிந்தாளோ, அச்சொட்டாக அப்படி.

"மாமி, அடியாதேங்கோ" என்றான் கைகளுக்குள்ளிருந்து.

அவன் தலைக்குச் சற்று மேலே கை நின்றுவிட்டது. அவனைத் தொடவில்லை.

"இனி இந்தப் படியிலை கால் வைக்காதை" என்று சொல்லி, உள்ளே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன். பிறகுதான் இடுப்பு மடிந்தது. சிந்திய பாலுக்குள்ளேயே இருந்துவிட்டேன். பக்கத்தில் மகள் சுவரோடு சாய்ந்து, கழுத்தில் சிவந்த தடத்தோடு, தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். என் வலது கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. யாரையாவது தொடாமல் அது இறங்குவதாக இல்லை. அதை அவளுடைய தலைக்குக் கொண்டுபோனேன். கை வருவதை அவள் பார்த்தாள், ஆனால் குனியவில்லை. பொலிசுக்கு எங்கள் முகவரியை டேனிஷில், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.